செய்தியில் ‘அடி’ என்ற சொல்லை எழுதுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

நெல்லைப் பதிப்பில் எந்தப் பக்கத்தை எடுத்தாலும் இந்தச் சொல் இருக்கும். பாபநாசம் அணை இத்தனை அடி, பஸ் ஸ்டாண்டில் அடிதடி, வள்ளியூர் அருகே வாகனத்தில் அடிபட்டுச் சாவு, பாலத்துக்கு அடிக்கல், பாளையங்கோட்டையில் வெயில் சதம் அடித்தது. எல்லோருக்கும் தெரிந்த சொல் என்பதால் புதிதாக வருகிறவர்கள் இதில் நிறுத்தி யோசிப்பதே இல்லை, நேராக எழுதிவிடுகிறார்கள், அங்கேதான் தப்பு நுழைகிறது. செய்தி மேசையில் திரும்பத் திரும்பத் திருத்த வேண்டி வந்தவற்றை, வேலை செய்யும் வரிசையிலேயே கீழே எழுதியிருக்கிறேன். வரிசையை மாற்றாதீர்கள். குறிப்பாக, தலைப்பை முதலில் எழுதாதீர்கள்.

1. எழுத உட்காரும் முன்

அன்றைய காலை நிலவரத்தைச் சொல்லும் அணை அறிக்கை கையில் இருக்கட்டும். இதை யாரோ வாட்ஸ்அப்பில் தட்டச்சு செய்து அனுப்பியதாக இல்லாமல், அறிக்கையின் படமாகவே வாங்குங்கள், ஏனென்றால் புள்ளி ஒரு இடம் நகர்ந்தால் செய்தியே மாறிவிடும். குற்றச் செய்தி என்றால் முதல் தகவல் அறிக்கையில் உள்ள சட்டப் பிரிவு எண்கள் வேண்டும். ஒரு கால்குலேட்டர், ஒரு நல்ல அகராதி. இன்னொன்று, துறையின் பெயர். அணைகளைப் பார்ப்பது 2021-இலிருந்து தனியாகப் பிரிந்த நீர்வளத் துறை, பழக்கத்தில் ‘பொதுப்பணித் துறை’ என்று எழுதிவிடாதீர்கள்.

சம்பவ இடத்தில் இருக்கும்போதே கேட்டுவிட வேண்டிய கேள்விகள் மூன்று: யார், எதனால், எங்கிருந்து அளந்து எத்தனை. அலுவலகம் வந்த பிறகு போன் போட்டால் பாதிப் பேர் எடுக்க மாட்டார்கள்.

2. குறிப்பை முதலில் ‘அடி’ இல்லாமல் எழுதுங்கள்

நம் ஊரில் ஒருவர் நடந்ததைச் சொல்லும்போது இப்படித்தான் சொல்வார்: “லாரி அடிச்சிட்டு”, “கரண்ட் அடிச்சிட்டு”, “மின்னல் அடிச்சிட்டு”, “அவனுவ அடிச்சிட்டானுவ”. நான்குமே வேறு வேறு சம்பவம், வினை மட்டும் ஒன்று. பேச்சில் இது போதும், முகத்தையும் இடத்தையும் பார்த்துக்கொண்டு கேட்கிறவருக்குப் புரிந்துவிடும். வாசகருக்கு முகமும் இல்லை, இடமும் இல்லை.

ஆகவே குறிப்பேட்டில் உள்ளதை முதலில் பிரித்து எழுதிக்கொள்ளுங்கள். லாரி மோதியது. மின்சாரம் தாக்கியது. மின்னல் தாக்கியது. இன்னார் இன்னாரை இன்னதால் தாக்கினார். இப்படி எழுதிப் பார்க்கும்போது, கடைசி வரியில் ‘யார்’, ‘எதனால்’ இரண்டும் உங்களிடம் இல்லை என்பது உடனே தெரிந்துவிடும். ‘அடித்துவிட்டார்கள்’ என்று எழுதியிருந்தால் அந்த ஓட்டை கண்ணுக்கே தெரிந்திருக்காது. இந்த ஒரு படியைச் செய்தாலே பாதித் திருத்தம் குறையும்.

3. அளவா, கீழ்ப்பகுதியா, செயலா?

இனி ‘அடி’ வரும் ஒவ்வொரு இடத்திலும் அது இந்த மூன்றில் எது என்று பாருங்கள். 12 அங்குலம் கொண்ட அளவு ஒன்று. கீழ்ப்பகுதி, பக்கத்து இடம் என்ற பொருள் இரண்டாவது: அடிவாரம், அடிக்கல், தேரடி, மரத்தடி. மூன்றாவது அடித்தல் என்ற செயலும் அதிலிருந்து கிளைத்த வழக்குகளும். ஒரே வாக்கியத்தில் இரண்டு பொருள் வந்தால் ஒன்றை மாற்றிவிடுங்கள். “பாலத்தின் அடியில் 10 அடி ஆழத்தில்” என்று எழுதுவதைவிட “பாலத்துக்குக் கீழே 10 அடி ஆழத்தில்” என்பது கண்ணுக்கு இதம்.

கீழ்ப்பகுதிப் பொருளில் ஒரு நுட்பம் உண்டு. ‘மரத்தடியில்’ என்றால் மர நிழலில், மரத்தின் பக்கத்தில். ‘மரத்தின் அடியில்’ என்றால் விழுந்த மரத்துக்குக் கீழே என்றும் படிக்கலாம். காற்றில் மரம் சாய்ந்த செய்தியில் “மரத்தடியில் முதியவர் உயிரிழப்பு” என்று எழுதினால் அவர் நிழலில் உட்கார்ந்தபோது மாரடைப்பு வந்தது போல ஆகிவிடுகிறது. “சாய்ந்த மரத்துக்கு அடியில் சிக்கி” என்று முழுதாக எழுதுங்கள்.

4. அணைச் செய்தி: அதிகத் தப்பு வரும் இடம்

இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். கார், பிசானம் என்ற இரண்டு நெல் சாகுபடிக்கும் இந்த எண்ணைப் பார்த்துத்தான் நம் விவசாயிகள் நாற்றங்கால் போடலாமா வேண்டாமா என்று யோசிக்கிறார்கள். அலங்காரத்துக்குப் போடும் எண் இல்லை இது.

முதல் தப்பு, ‘முழுக் கொள்ளளவான 143 அடி’. பாபநாசம் அணையின் 143 அடி என்பது உச்ச நீர்மட்டம், அதாவது உயரம். கொள்ளளவு என்பது எவ்வளவு தண்ணீர் பிடிக்கும் என்ற கணக்கு, அது 5,500 மில்லியன் கன அடி. இரண்டும் ஒன்றல்ல என்பதற்குப் பக்கத்திலேயே சாட்சி இருக்கிறது. மணிமுத்தாறு அணையின் உச்ச நீர்மட்டம் 118 அடிதான், ஆனால் அதன் கொள்ளளவு 5,511 மில்லியன் கன அடி, பாபநாசத்தைவிட ஒரு துளி அதிகம். சேர்வலாறு 156 அடி, மூன்றில் மிக உயரம் அதுதான், பிடிக்கும் தண்ணீரோ ஏறத்தாழ 1,200 மில்லியன் கன அடி. அடியை வைத்து அணையை ஒப்பிட்டால் வாசகருக்குத் தலைகீழ்ப் படம் கிடைக்கும்.

இதோடு சேர்ந்து வருவது ‘பாதி நிரம்பியது’ என்ற வரி. 143-இல் பாதி 71.5, நீர்மட்டம் 72 அடி ஆனதும் ‘அணை பாதி நிரம்பியது’ என்று போடுகிறார்கள். அணையில் தண்ணீர் தேங்கும் இடம் மேலே போகப் போக அகலும், அடியில் குறுகும், அதனால் பாதி உயரத்தில் பாதித் தண்ணீர் இருக்காது. ‘நீர்மட்டம் 72 அடியை எட்டியது’ என்று நிறுத்திக்கொள்ளுங்கள், எவ்வளவு இருப்பு என்று சொல்ல வேண்டுமானால் அறிக்கையில் இருக்கும் இருப்பு எண்ணையே போடுங்கள்.

இரண்டாவது, ‘அடி’யும் ‘கன அடி’யும். “பாபநாசத்தில் இருந்து 800 அடி தண்ணீர் திறப்பு” என்று ஒரு வாக்கியம் வந்தால் அதில் இரண்டு குறை. ‘கன’ இல்லை, ‘வினாடிக்கு’ இல்லை. “வினாடிக்கு 800 கன அடி” என்றால்தான் அது ஓட்டம். ‘வினாடிக்கு’ விட்டுப்போனால் மொத்தமே 800 கன அடி என்று ஆகிறது, ஒரு கன அடி சுமார் 28.3 லிட்டர், மொத்தம் இரண்டு டேங்கர் லாரித் தண்ணீர்கூடத் தேறாது. வாசகருக்கு விளங்க வேண்டுமானால் ஒரு நாள் கணக்குச் சொல்லலாம்: வினாடிக்கு 1,000 கன அடி வீதம் நாள் முழுக்க ஓடினால் 86.4 மில்லியன் கன அடி. ஒரு நாளுக்கு 86,400 வினாடி, அதனால் பெருக்குவது சுலபம்.

மூன்றாவது, புள்ளி. அறிக்கையில் 98.40 என்று இருந்தால் அது 98 அடி 40 அங்குலம் இல்லை, 98 அடி 4 அங்குலமும் இல்லை. புள்ளிக்குப் பின் உள்ளதை 12-ஆல் பெருக்க வேண்டும், 4.8 அங்குலம் வரும். இந்தத் தொல்லையே வேண்டாம் என்றால் ‘98.40 அடி’ என்று அப்படியே எழுதுங்கள், அங்குலமாக மாற்றாதீர்கள். நான் அதைத்தான் சொல்வேன்.

நான்காவது, ‘ஆக’ என்ற ஒட்டு. ‘10 அடி உயர்ந்தது’ வேறு, ‘10 அடியாக உயர்ந்தது’ வேறு. மழை நாளில் அவசரத்தில் “நீர்மட்டம் 98 அடி உயர்வு” என்று தலைப்பு போய்விடும், ஊரே பதறும். பாதுகாப்பான அமைப்பு இது: “நேற்று 88 அடியாக இருந்த நீர்மட்டம் இன்று காலை 98 அடியானது, ஒரே நாளில் 10 அடி உயர்ந்துள்ளது.” பழைய எண், புதிய எண், வித்தியாசம் என்று மூன்றும் ஒரே வாக்கியத்தில் இருப்பதால் கழித்துப் பார்த்தே பிழையைப் பிடித்துவிடலாம்.

சரிபார்க்க ஒரு வழியும் உண்டு. பாபநாசமும் சேர்வலாறும் சுரங்கப் பாதையால் இணைந்த அணைகள், அதனால் பெரும்பாலும் இரண்டும் சேர்ந்தே ஏறும், சேர்ந்தே இறங்கும். ஒன்று மளமளவென்று ஏறி மற்றது இறங்கியதாக உங்கள் செய்தி சொன்னால், அனுப்பும் முன் அறிக்கையை ஒருமுறை திரும்பப் பாருங்கள்.

மழை அளவில் ‘அடி’ வராது. மில்லிமீட்டர் அல்லது சென்டிமீட்டர்தான். 2023 டிசம்பர் வெள்ளத்தின்போது காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. பெய்தது. அதை ‘மூன்றடி மழை’ என்று எழுதினால் தெருவில் மூன்றடி தண்ணீர் நின்றதாகத்தான் வாசகர் எடுத்துக்கொள்வார்.

5. மற்ற அளவுகள்

நிலத்துக்குச் சதுர அடி. நம் பக்கம் எல்லோரும் சென்ட் கணக்கில் பேசுவார்கள், ஒரு சென்ட் 435.6 சதுர அடி, 100 சென்ட் ஒரு ஏக்கர். ஆக்கிரமிப்புச் செய்தியில் “20 அடி ஆக்கிரமிப்பு” என்று மொட்டையாக எழுதாதீர்கள், அது நீளமா, அகலமா, சதுர அடியா?

கிணற்றில் விழுந்த செய்தியில் கிணற்றின் ஆழம், தண்ணீரின் ஆழம் இரண்டையும் தீயணைப்புத் துறையினரிடம் கேளுங்கள். “80 அடி கிணற்றில் விழுந்தவர் உயிருடன் மீட்பு” என்றால் 80 அடியும் விழுந்தாரா, 20 அடியிலேயே தண்ணீர் இருந்ததா என்பதைப் பொறுத்து வேறு வேறு செய்தி.

சிலை, கோபுரம் என்றால் எங்கிருந்து அளந்தது என்று சொல்லுங்கள். கன்னியாகுமரி திருவள்ளுவர் சிலை 133 அடி என்போம், அதில் பீடம் 38 அடி, சிலை 95 அடி. இரண்டையும் சேர்த்துத்தான் 133.

பள்ளி விழாச் செய்தியில் வரும் குறளின் ‘அடி’ செய்யுள் அடி. ஒரு குறளுக்கு இரண்டு அடி, ஏழு சீர். சீரை அடி என்று மாற்றி எழுதித் தமிழாசிரியர்களிடம் மாட்டிக்கொள்ள வேண்டாம்.

6. அடிதடி, அடித்துக் கொலை: குற்றச் செய்தி

எண்ணைத் தப்பாகப் போட்டால் மறுநாள் திருத்தம் போடலாம். இங்கே தப்பு செய்தால் ஒரு மனிதரின் பெயர் போகும், சில நேரம் ஊர் அமைதியே போகும்.

‘அடிதடி’ என்றால் இரண்டு பக்கமும் அடித்துக்கொண்டார்கள் என்று பொருள். ‘மோதல்’ என்பதும் அப்படியே. ஒரு கூட்டம் வந்து ஒருவரை மட்டும் அடித்துவிட்டுப் போயிருந்தால் அது ‘தாக்குதல்’. நம் மாவட்டங்களில் சாதியை வைத்து நடக்கும் தாக்குதல்கள் பல ‘இரு தரப்பினர் மோதல்’ என்று ஒற்றை வரியில் அச்சாகின்றன, அடிபட்டவரும் அந்த வரியில் பாதிக் குற்றவாளி ஆகிவிடுகிறார். போலீஸ் குறிப்பில் ‘மோதல்’ என்று இருந்தாலும், யாருக்குக் காயம், யார் ஆஸ்பத்திரியில், யார் மீது வழக்கு என்று மூன்றையும் கேட்டுவிட்டு நீங்களே சொல்லைத் தேர்ந்தெடுங்கள். இருபுறமும் வழக்கு இருந்தால் ‘மோதல்’ எழுதலாம்.

‘அடித்துக் கொலை’ எழுத இரண்டு விஷயம் உறுதியாக வேண்டும். சாவுக்குக் காரணம் அந்த அடிதானா என்பது ஒன்று, அது பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரியில் பிரேதப் பரிசோதனை முடிந்தால்தான் தெரியும். வழக்கு எந்தப் பிரிவில் என்பது இன்னொன்று. 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாகப் பாரதிய நியாய சன்ஹிதா நடப்பில் இருக்கிறது, கொலைக்குப் பழைய 302 இப்போது 103, சாதாரணமாகக் காயம் உண்டாக்கியதற்குப் பழைய 323 இப்போது 115(2). பிரிவு 115(2)-இல் இருக்கும் ஒருவரை நீங்கள் கொலையாளி ஆக்கிவிடக் கூடாது. கைதாகி இருந்தாலும் “அடித்துக் கொன்றார்” என்று முடிக்காதீர்கள், “அடித்துக் கொன்றதாகக் குற்றம்சாட்டப்பட்டவர்” என்பதுதான் தீர்ப்பு வரும்வரை சரி.

‘அடியாட்கள்’ என்பதையும் தொடாதீர்கள், யாரோ கூலிக்கு ஆள் அனுப்பினார் என்ற குற்றச்சாட்டு அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. ‘சரமாரியாக அடித்தனர்’ என்பது பழக்கத்தில் வரும் அடைமொழி. எத்தனை பேர், எதைக்கொண்டு என்று எழுதினால் அதைவிடக் கனமாக விழும்.

‘அடிபட்டு’ என்ற சொல் விபத்தைத்தான் முதலில் நினைவூட்டும். “ரயிலில் அடிபட்டு” என்று எழுதும்போது அது விபத்தா, தற்கொலையா, வேறு சந்தேகம் இருக்கிறதா என்று ரயில்வே போலீஸ் இன்னும் சொல்லவில்லை என்றால், “தண்டவாளத்தில் உடல் மீட்பு, போலீஸ் விசாரணை” என்பதோடு நில்லுங்கள்.

7. தடியடி

இந்தச் சொல்லுக்குத் தனித் தலைப்பு கொடுத்ததற்குக் காரணம் இருக்கிறது. 1999 ஜூலை 23 அன்று, மாஞ்சோலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காக ஆட்சியர் அலுவலகம் நோக்கிப் போன ஊர்வலத்தின் மீது கொக்கிரகுளத்தில் போலீஸ் தடியடி நடத்தியது, தாமிரபரணியில் 17 பேர் உயிர் போனது. “தடியடி, 17 பேர் பலி” என்று எழுதலாம், “ஆற்றில் மூழ்கி 17 பேர் பலி” என்றும் எழுதலாம். இரண்டாவது வாக்கியத்தில் அவர்கள் ஏன் ஆற்றுக்குள் போனார்கள் என்பது காணாமல் போகிறது.

அதனால் தடியடிச் செய்தியில் வரிசை முக்கியம். கூட்டம் எங்கே நின்றது, போலீஸ் எச்சரித்ததா, எப்போது தடி எடுத்தார்கள், மக்கள் எந்தப் பக்கம் ஓடினார்கள், யாருக்கு என்ன ஆனது, இந்த வரிசையில் எழுதுங்கள். ‘லேசான தடியடி’ என்பது போலீஸ் தரப்புச் சொல். அதைப் போட்டே ஆக வேண்டும் என்றால் “லேசான தடியடி என்று போலீசார் கூறினர்” என எழுதி, அடுத்த வரியிலேயே எத்தனை பேர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள் என்று சொல்லிவிடுங்கள்.

8. வெள்ளம் அடித்துச் செல்வது

‘அடித்துச் செல்லப்பட்டார்’ என்றால் ஆள் போனார் என்பது மட்டும்தான் தெரியும், உயிரோடு இருக்கிறாரா என்பது தெரியாது. ஆகவே அடுத்த வாக்கியம் கட்டாயம்: மீட்கப்பட்டாரா, தேடுகிறார்களா, உடல் கிடைத்ததா. உறவினர் இதைப் படிப்பார் என்பதை மறக்க வேண்டாம்.

பொருள்களுக்கு எழுதும்போது எது போனது என்று சரியாகச் சொல்லுங்கள். 2023 டிசம்பரில் ஸ்ரீவைகுண்டத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் நின்றுபோனதற்குக் காரணம், தண்டவாளத்துக்குக் கீழே இருந்த ஜல்லியையும் மண்ணையும் வெள்ளம் அரித்துக்கொண்டு போனதுதான். ‘தண்டவாளம் அடித்துச் செல்லப்பட்டது’ என்று எழுதினால் கம்பியே போய்விட்டது போலப் படிப்பார்கள். மண் போனால் ‘அரிப்பு’, முழுப் பாலமே போனால் ‘அடித்துச் செல்லப்பட்டது’.

9. ஊர்ப் பேச்சில் வரும் ‘அடி’

இந்த வழக்குகளை நான் விரும்பியே விடுவேன். உழவு அடித்தார்கள், கதிர் அடித்தார்கள், பயிருக்கு மருந்து அடித்தார்கள், சுவருக்கு வெள்ளை அடித்தார்கள், குற்றாலத்தில் சாரல் அடித்தது. இதையெல்லாம் ‘தெளிக்கப்பட்டது’, ‘பூசப்பட்டது’ என்று மாற்றினால் செய்தியில் ஊர் வாசனை போய்விடும். இந்த வினைக்கு முன்னால் அந்தப் பெயர்ச்சொல் மட்டும் தவறாமல் இருக்கட்டும். “வயலில் அடித்துக்கொண்டிருந்தபோது” என்று எழுதினால் மருந்தா, உழவா?

ஒரே ஒரு இடத்தில் எச்சரிக்கை. “தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தபோது” என்பது மது குடித்ததாகவும் பொருள்படும். அடிபம்பு பக்கத்தில் நின்ற பெண்ணைப் பற்றிய செய்தி என்றால் “அடிபம்பில் தண்ணீர் பிடித்தபோது” என்று எழுதுங்கள்.

‘வெயில் சதம் அடித்தது’ என்றால் 100 டிகிரி பாரன்ஹீட், அதாவது 37.8 டிகிரி செல்சியஸ். தலைப்பில் சதமும் உள்ளே 38 டிகிரியும் இருந்தால் வாசகர் குழம்புவார், அலகைப் பெயரோடு எழுதுங்கள்.

10. அதிரடி

அதிரடிச் சோதனை, அதிரடிக் கைது, அதிரடி உத்தரவு. எல்லாவற்றையும் வெட்டுங்கள். சொல்லை எடுத்த பிறகும் செய்தி அப்படியே நிற்கிறதா என்று பாருங்கள், நிற்கும். ‘பதிலடி’யும் அரசியல் செய்தியில் ‘அடி’யைக் கழித்த ‘பதில்’ என்ற சொல்லாலேயே முடிந்துவிடும்.

11. ஒற்றும் இடைவெளியும்

‘அடித்து’ என்பதற்குப் பின் க, ச, த, ப வந்தால் ஒற்று மிகும்: அடித்துக் கொன்று, அடித்துச் சென்று, அடித்துத் துன்புறுத்தி, அடித்துப் பிடுங்கி. ‘அடிபட்டார்’ என்பதில் ஒற்று வராது, ‘அடிப்பட்டார்’ பிழை. ‘அடிப்படை’, ‘அடிக்கல்’, ‘அடித்தளம்’ ஆகியவற்றில் வரும். இந்த இரண்டு கூட்டத்தையும் குழப்புகிறவர்கள்தான் அதிகம்.

‘அடிக்கப்பட்டார்’ தமிழில் ஒட்டவில்லை, ‘தாக்கப்பட்டார்’ எழுதுங்கள். எண்ணுக்கும் அடிக்கும் நடுவே இடைவெளி விடுங்கள், ஆனால் வரி முடிவில் ‘143’ ஒரு வரியிலும் ‘அடி’ அடுத்த வரியிலும் உடைய விடாதீர்கள். ‘கன அடி’ உடைந்தால் இன்னும் மோசம், இரண்டாவது வரியை மட்டும் பார்ப்பவர் வெறும் அடி என்று படித்துவிடுவார்.

12. தலைப்பு கடைசியில்

செய்தியின் உடல் பகுதி முழுவதும் சரியான பிறகே தலைப்புக்கு வாருங்கள். தலைப்பில் இடம் குறைவு என்பதால் முதலில் வெட்டுப்படுவது ‘கன’, ‘வினாடிக்கு’, ‘ஆக’, ‘என்று போலீஸ் கூறியது’ ஆகியவைதான், மேலே சொன்ன தப்பெல்லாம் அந்தச் சின்னச் சொற்கள் போவதால்தான் வருகின்றன. இடம் போதவில்லை என்றால் எண்ணை எடுத்துவிடுங்கள், அலகை எடுக்காதீர்கள். “பாபநாசம் அணை நீர்மட்டம் உயர்வு” என்று எண்ணே இல்லாமல் போட்டுவிட்டு, எண்ணை முதல் பத்தியில் முழுதாகக் கொடுப்பது நல்லது.

அப்புறம், செய்திக் கோப்பின் தேடல் வசதியில் ‘டி’ என்று தட்டி (‘அடி’ என்று தட்டினால் ‘மரத்தடி’, ‘தடியடி’ போன்றவை வராது), ‘அடி’ வந்த ஒவ்வொரு இடத்தையும் மூன்றாம் படியில் சொன்னபடி ஒருமுறை பாருங்கள். ‘உடனடி’, ‘நெருக்கடி’ என்று சம்பந்தமில்லாதவையும் வரும், தாண்டிப் போங்கள். இரண்டு நிமிட வேலை, பக்கம் அச்சுக்குப் போகும் முன் முடித்துவிடலாம்.